செலின் வீட்டு முயல்

செலின் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கையை விட்டாள்.

வயர் தட்டுப்பட்டது. சுவரோரமாக ஓடி மேலே பிளக்கில் ஏறியது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பழைய ரப்பர் குழாயை நீளவாக்கில் கீறி வைத்திருந்தாள். அதற்குள் வயரை அமுக்கினாள். ஒரு முனையிலிருந்து மறு முனை வரை விரலை ஓட்டிப் பார்த்தாள்.

எங்கும் பிதுங்கவில்லை.

முயல் கடிக்கக்கூடிய வயர்கள் இந்த வீட்டில் ஏழு. இது கடைசி.

செலினுக்குப் பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. வங்கியில் வேலை. நான்கு மாதம் முன்பு அம்மா இறந்துபோன பிறகு, பாளையங்கோட்டையில் இந்த வீட்டில் தனியாக இருக்கிறாள். கூட வேலை பார்த்த ஒருத்தி மாற்றலாகிப் போனபோது, முயலை யாராவது வைத்துக்கொள்வீர்களா என்று கேட்டாள். மற்றவர்கள் யோசிப்பதற்குள் இவள் சரி என்றுவிட்டாள்.

விஷயம் கேள்விப்பட்டுத்தான் அக்கா மரியபுஷ்பம் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தாள்.

வந்ததும் சொன்னாள்.

"ஒன்னப் பாத்துக்கிடவே ஒரு ஆளு வேணும். இதுல மொயலு வேறயாட்டி? சத்தமே போடாத சீவன். ஒருநா மிதிச்சுக் கொன்னுரப் போற."

"மிதிக்க மாட்டேன்க்கா."

 செலினுக்கு வேலை இருந்தது.

பின்னறை மொசைக் தரையில் முயலுக்குக் கால் வழுக்கியது. நகம் கீச்சிடும் சத்தத்தில் தெரிந்துகொண்டாள். கடைக்குப் போய்ச் சணல் விரிப்பு வாங்கிவந்து, அங்கேயும் கூடத்திலும் சுவருக்குச் சுவர் விரித்தாள். இப்போது அது குதித்தால் மெத்தென்று ஒரு சத்தம் வந்தது. சத்தம் வரும் திசையும் தெரிந்தது.

பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு சாண் சந்து. அங்கே போய்விட்டால் எடுக்க முடியாது. பலகை வைத்து அடைத்தாள்.

தண்ணீருக்குக் கனமான மண்சட்டி. பிளாஸ்டிக் கிண்ணத்தை அது பல்லால் தூக்கிக் கவிழ்த்துவிடுகிறது. மூலையில் ஒரு டிரே, அதில் கிழித்த செய்தித்தாள், மேலே காய்ந்த புல். புல் தின்னும்போதே மற்றதையும் அங்கேயே முடித்துவிடும் என்று முயலைக் கொடுத்தவள் சொல்லியிருந்தாள். அப்படித்தான் நடந்தது.

மிக்சி வந்த அட்டைப்பெட்டியில் இரண்டு பக்கமும் வாசல் வெட்டினாள். ஒரே வாசல் என்றால் அதற்குப் பயம்.

வெயில் ஏறினால் முயலுக்குப் பக்கத்தில் வைக்க, ஃப்ரீசரில் இரண்டு பாட்டில் தண்ணீர் உறைந்துகொண்டிருந்தது.

ஒரு வாரமாக முயல் பின்னறையில் இருந்தது. இன்றுதான் கதவைத் திறந்தாள்.

அவள் காலைத் தூக்கி வைக்காமல் விரிப்பின்மேல் தேய்த்தபடி நடந்தாள். இரண்டு முறை பாதத்தில் மென்மையாக ஏதோ முட்டியது. நின்றாள். அது நகர்ந்தது. மறுபடி நடந்தாள்.

 அக்கா படுக்கையறைக்குப் போய்த் துணி மடிக்க ஆரம்பித்தாள். அவளுக்கு மத்தியானம் பஸ்.

பதினொரு மணிக்குக் கீரைக்காரி வந்தாள். அக்காதான் வெளிக்கதவைத் திறந்தாள். அரைக்கீரை நல்லா இருக்கா என்று கேட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

கீரையோடு திரும்பி உள்ளே வந்தவள் குரல் மாறிவிட்டது.

"செலின், மொயலக் காணும்ட்டி."

அட்டைப்பெட்டியில் இல்லை. நாற்காலிக்கடியில் இல்லை. பின்னறையில் இல்லை. அக்கா தெருவுக்கு ஓடினாள். சாக்கடைப் பக்கம் பார்த்துவிட்டு வந்தாள். தெருமுனையில் இரண்டு நாய் கிடக்கிறது என்றாள். அப்போதே சொன்னேனே என்றாள். பிறகு, நான்தான் கதவைத் திறந்து போட்டுட்டேன் என்று அழுதாள்.

"அக்கா, ஃபேன நிறுத்து. நீ ஒரு எடத்துல உக்காரு."

ஃபேன் நின்றது. அக்காவின் மூக்கு உறிஞ்சலும் நின்றது.

செலின் கூடத்தின் நடுவில் உட்கார்ந்தாள்.

தெருவில் ஒரு ஆட்டோ போனது. போகட்டும் என்று காத்திருந்தாள்.

ஃபிரிட்ஜின் உறுமல். சொட்டும் குழாய்.

பிறகு, மிக மெல்ல, துணியைப் பிறாண்டும் சத்தம்.

எழுந்து படுக்கையறைக்குப் போனாள். கட்டிலோரம் தரையில் அக்காவின் பெரிய பை திறந்து கிடந்தது. உள்ளே கையை விட்டாள். சூடான காது. வேகமாக அடிக்கும் சின்ன மார்பு.

"இங்கதான் இருக்கு."

அக்கா ஓடிவந்தாள். அறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

செலினின் கை முயலுக்கு அடியில் இருந்த துணிமேல் இருந்தது.

அக்காவின் சேலை இல்லை. சுடிதார். கழுத்தில் சின்னச் சின்ன மர பட்டன். போன கிறிஸ்துமஸுக்கு அம்மா எடுத்துத் தந்தது.

அதற்குக் கீழே இன்னொன்று. அதுவும் செலினுடையது. அதற்கும் கீழே அவளுடைய துண்டு. பையின் பக்கவாட்டு அறையில் அவளுடைய வங்கிப் பாஸ் புத்தகம், தைல டப்பா.

"ரெண்டு மாசம் எங்கூட வந்து இருந்து பாருன்னுதான்..." என்றாள் அக்கா. 

  செலின் முயலை அதிகம் அசைக்காமல் தன் துணிகளை ஒவ்வொன்றாக உருவினாள். உதறினாள். மடித்தாள். பீரோவைத் திறந்து, எது எந்தத் தட்டில் இருந்ததோ அந்தத் தட்டிலேயே வைத்தாள். பாஸ் புத்தகத்தை மேசை டிராயரில் போட்டு மூடினாள்.

அக்காவின் சேலைகளை அப்படியே விட்டாள்.

"ஒனக்கு பஸ் எத்தன மணிக்குக்கா?"



"ரெண்டேகாலு."

பிறகு வளையல் சத்தம் கீழே இறங்கியது. அக்கா பைக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தாள்.

"இது என்னட்டி திங்கும்?"

"அரைக்கீர குடுத்துப் பாரு."

அக்கா எழுந்து போய் ஒரு பிடி கிள்ளி வந்தாள். அவள் கையிலிருந்து கீரை நொறுங்கும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

மணி ஒன்றாயிற்று. பையில் இடம் தாராளமாக இருந்தது. முயல் கால் நீட்டிப் படுத்துவிட்டது.

இரண்டு பேரும் அது இறங்கட்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள்.