பீரோ நிறையக் கொக்கு

"முப்பத்தொண்ணு வச்சிருக்கீங்க. அதுல ஒண்ணு கொடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க?"

மாடி வீட்டுப் பல் டாக்டர் வெறுங்கையோடு படியேறிப் போனதும் மனைவி பிடித்துக்கொண்டாள்.

கணவர் பீரோவைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அந்த பீரோவில் துணிமணி கிடையாது. முழுக்க முழுக்க குங்ஃபூ புத்தகம். அதுவும் வெள்ளைக் கொக்கு என்கிற ஒரே பாணி. கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நிற்பது, கையைச் சிறகாக விரிப்பது, விரலை அலகு போலக் குவித்துக் கொத்துவது என்று சீனாக்காரர்கள் என்றைக்கோ உண்டாக்கிய சண்டை. அதைப் படம் போட்டுச் சொல்லித்தரும் புத்தகம் எங்கே கண்ணில் பட்டாலும் மனிதர் வாங்கிவிடுவார்.

அச்சகத்தில் படத்தையும் எழுத்தையும் வெட்டிப் பக்கமாக ஒட்டும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவருக்கு ஏன் இந்தப் பைத்தியம் என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை. இத்தனை புத்தகம் சேர்த்தும் ஒரு கரப்பான் பூச்சியை அடித்ததில்லை. கரப்பானைக் கண்டால் நாற்காலி மேல் ஏறிக்கொள்வார். அங்கேயும் இரண்டு காலில்தான் நிற்பார்.

மேல் தட்டுகளில் விதவிதமான புத்தகங்கள். சரி, ஆசை, போகட்டும். கீழ்த்தட்டில் இருப்பது ஒரே புத்தகத்தின் முப்பத்தொரு பிரதி! ஒரே அட்டை, ஒரே பதிப்பு.

"பழைய பேப்பர்காரருக்காவது போட்டுத் தொலைங்களேன்" என்றால், "ஐயையோ, அவர் மறுபடியும் கடையில கொண்டுபோய்க் கொடுத்துடுவார்" என்று பதறுவார். கொடுத்தால் கொடுக்கட்டுமே, இதில் பதற என்ன இருக்கிறது?

டாக்டர் கேட்டது அந்த முப்பத்தொன்றில் ஒன்றைத்தான். நாள் பூராவும் அடுத்தவர் வாயைக் குனிந்து பார்த்துப் பார்த்து முதுகு பிடித்துக்கொண்டதாம். ஏதாவது பழகலாம் என்று ஆசை.

"மேல் தட்டுல எது வேணும்னாலும் எடுத்துக்குங்க டாக்டர்."

"அதெல்லாம் வேற பாஷையா இருக்கே சார். நம்ம பாஷையில இது ஒண்ணுதானே இருக்கு?"

"அது வேண்டாம் டாக்டர். அது... சேகரிப்பு."

டாக்டரின் முகம் சுண்டிப்போனதை அவள் பார்த்தாள். போன மாதம், ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் கிளினிக்கைத் திறந்து, அவளுடைய கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி உயிரைக் காப்பாற்றியவர். அடுத்த பல் வலித்தால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவரிடம் போவது?

மறுநாள் காலை கணவர் குளிக்கப் போனார். சட்டை ஆணியில் தொங்கியது. அவள் சாவியை எடுத்தாள், பீரோவைத் திறந்தாள், ஒன்றை உருவிக்கொண்டு மாடிக்குப் போனாள்.

"சார் மனசு மாறிட்டார். நீங்களே வச்சுக்கச் சொன்னார்" என்று ஒரு பொய்யையும் சேர்த்தே கொடுத்தாள். டாக்டர் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தார்.

குளித்து வந்த கணவர் பீரோ திறந்திருப்பதைப் பார்த்தார். எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"இதுல ஒண்ணு எங்கே?"

"டாக்டருக்குக் கொடுத்துட்டேன். உங்களால மானம் போகுதுங்க எனக்கு!"

தோளில் ஈரத் துண்டோடு மனிதர் படிகளில் பாய்ந்தார். அவள் பின்னாலேயே ஓடினாள்.

மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி மேல் புத்தகத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, டாக்டர் ஒரு காலைத் தூக்கிக் கொண்டு, கைகளை விரித்து நின்றிருந்தார்.

"டாக்டர், காலைக் கீழே வைங்க! அடுத்த படத்தைச் செய்யாதீங்க!"

கத்திய கையோடு புத்தகத்தைப் பறித்துக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிவிட்டார். டாக்டர் விரித்த கையை மடக்கவும் மறந்து நின்றார். "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி" என்று எப்படியோ சொல்லிவிட்டு அவளும் இறங்கி வந்தாள். அவமானத்தில் காது சுட்டது.

வீட்டுக்குள் வந்ததும் வெடித்தாள்.

"கொடுத்ததைப் போய்ப் பிடுங்கிட்டு வர்றீங்களே, வெட்கமா இல்ல? கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?"

அவர் புத்தகத்தைப் பிரித்து அவள் முன்னால் வைத்தார்.

"இந்த ரெண்டு படத்தையும் பாரு. முதல்ல பாதத்தைத் திருப்பணும். அப்புறம்தான் முட்டியை மடக்கி உடம்பை இறக்கணும். மத்த புத்தகத்துல எல்லாம் அப்படித்தான் இருக்கு. இதுல மட்டும் முன்னே பின்னே மாறிப்போச்சு. உடம்பை இறக்கிட்டுப் பாதத்தைத் திருப்பினா முட்டி திருகிக்கும். இதைப் பார்த்துப் பழகின ஒருத்தர் ஆறு மாசம் கட்டிலை விட்டு இறங்கல."

இன்னும் ஒரு படம் தாண்டியிருந்தால், பல் பிடுங்கியவருக்கு அவள் செய்த பதில் மரியாதை அதுவாகப் போயிருக்கும்.

"இதை அவர்கிட்ட வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே?"

அவர் புத்தகத்தின் அட்டையைத் துண்டால் துடைத்தார்.

அவளுடைய கோபத்துக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டான்.

"எந்தக் கண்ணவிஞ்சவன் இப்படி மாத்தி ஒட்டித் தொலைச்சான்? ஊரான் கால் என்ன ஆனா எனக்கென்னன்னு அவன் பாட்டுக்கு எங்கேயோ நிம்மதியா உட்கார்ந்திருப்பான்!"

"எங்க நிம்மதியா இருக்கான்?" என்றார் கணவர், புத்தகத்தைக் கீழ்த்தட்டில் வைத்துக்கொண்டே. "கடை கடையா ஏறி இறங்கி, ஒவ்வொண்ணாத் தேடி வாங்கிட்டு வந்து, இங்கேதானே அடுக்கிட்டு இருக்கான்."