திருத்த வருகிறவர்

“அதத் தொடாதடி!” ஜெயசுதாவின் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கினாள் பர்வின்.

பாகூர் கடைகளுக்காக இருவரும் எழுதும் பில் மென்பொருள் அது. இணையத்தில் திறந்தே கிடக்கும். யாரும் பார்க்கலாம், திருத்தலாம்.

“கூட்டல் தப்பா வருதுடி. நாளைக்குக் கடைங்களுக்குப் போவணும்!”

“அந்த ஆளு வந்து திருத்துவாரு.”

“மொகம் தெரியாத ஆளு, உன் தப்ப மட்டும் தேடி வந்து திருத்துறான். உன் வூட்டுக்காரு யாசின் அண்ணன் கேட்டா இன்னா சொல்லுவ?”

“கோச்சிக்கினு துபாய்க்கு மென்பொருள் வேலைக்குப் போனவரு போனே எடுக்கல. எங்கேர்ந்து கேக்கறது?”

திரையில் திருத்தம் வந்து விழுந்தது. கூடவே ஒரு குறிப்பு: ‘இனிமேலாவது பார்த்து எழுது.’

பர்வின் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

“வூட்ல என்னைத் திட்டற அதே திட்டு. என் வூட்டுக்காருதாண்டி இது. தப்பக் கண்டா மட்டும் சும்மா இருக்க மாட்டாரு.”

“அப்போ இந்தத் தப்பு?”

“நான்தான் போட்டு வச்சேன்.”