ஒற்றை ஓட்டு

அமெரிக்காவில், வயோமிங் மாகாணத்தின் அந்தச் சின்ன ஊரில் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் இரண்டே பேர்தான்: வெர்லினும் அவர் மனைவி ஆர்டித்தும். அதிபர் தேர்தல் வந்தாலே, அந்த மாகாணத்தில் எப்போதும் தோற்கிற கட்சிக்காக ஊரோடு மல்லுக்கு நிற்பார் வெர்லின். முப்பது வருடப் பழக்கம்.

தேர்தலுக்கு மறுநாள் காலை இருவரும் காபிக் கடைக்குள் நுழைந்ததும், பக்கத்துப் பண்ணைக்காரன் ராய்ஸ் ஒரு தாளை ஆட்டினான்.

“நம்ம ஊர் முடிவு வந்தாச்சு வெர்லின்! எங்களுக்கு நூத்திப் பதினொண்ணு, உங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. உங்க வீட்டுல யாருப்பா எங்க பக்கம் தாவினது?”

கடையே சிரித்தது. வெர்லின் காதுவரை சிவந்துபோய் மனைவியைப் பார்த்தார்.

“நான்தான்,” என்றாள் ஆர்டித். “எத்தனை நாளைக்குத்தான் தோத்துக்கிட்டே இருக்கிறது?”

“அப்படிப் போடு! வா, எங்க மேஜைக்கு வந்து உட்காரு,” என்ற ராய்ஸ், வெர்லின் முதுகில் ஓங்கித் தட்டினான். “ஆனா நீதாம்பா ஆம்பளை. கடைசிவரைக்கும் தனியா நின்னியே!”

வெர்லின் காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

வண்டியில் ஏறியதும், “ஏன் அப்படிச் சொன்னே?” என்றார் வெர்லின்.

“தினமும் அவங்களோட உட்காரப் போறது நீதானே? என்னை என்ன சொன்னா எனக்கென்ன!” என்றவள் அவர் பக்கம் திரும்பினாள். “அந்த ஒரு ஓட்டு என்னோடது, வெர்லின். நீ ஏன் மாத்திப் போட்டே?”

“ஒரு தடவையாவது ஜெயிக்கிற பக்கம் இருந்து பார்க்கணும்னு தோணிடுச்சு. உன்னைத் தனியா விட்டுட்டுப் போறோம்னு உறைக்கலை.”

சாவியைத் திருக அவருக்குக் கை வரவில்லை.

“தள்ளி உட்காரு,” என்றாள் ஆர்டித். “நான் ஓட்டறேன்.”