கூட வந்தவர்

"நீ வாயே திறக்கக் கூடாது. என்ன கேட்டாலும் சிரி. சாப்பாடு நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லு" என்றான் வெல்டர்.

நெட்டை தலையாட்டினான். புது மெஷினைப் பொருத்த வெளிநாட்டிலிருந்து வந்து, ஆறு மாதமாகப் பட்டறையில் இருப்பவன். அவன் தமிழ் எல்லாம் பட்டறையில் பொறுக்கியது. பாதி கெட்ட வார்த்தை, மீதி ஸ்பானர் சைஸ்.

இருவரும் நண்பர்களானது சாப்பாட்டில்தான். காலையில் கேட்டுக்கு வெளியே சிகரெட் பிடிக்கப் போகும் நெட்டை, மெஸ் சாப்பாடு என்று கையில் ஒரு டப்பாவோடு திரும்புவான். மதியம் அதைத் திறந்து, தன்னால் முடியாது என்று பாதியை வெல்டரிடம் தள்ளுவான். காரம் தாங்காமல் சமைத்தவனின் பரம்பரையையே திட்டிக்கொண்டு வெல்டர் வழித்துத் தின்பான். டப்பாவின் கொக்கி உடைந்தபோது பற்றவைத்துக் கொடுத்ததும் அவன்தான்.

அன்று தேசிய விடுமுறை. தெரு முழுக்கக் காகிதக் கொடி, கடைகளெல்லாம் ஷட்டர். "லீவு நாள். உன் வீடு. உங்க சாப்பாடு, உங்க பழக்கம், பாக்கணும்" என்று நெட்டை ஒரு வாரமாக நச்சரித்திருந்தான். ஹோட்டலுக்குக் கூட்டிப்போகிறேன் என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

வெல்டர் அப்பா வீட்டு வாசலை மிதித்து மூன்று வருடம் ஆகிறது. காலேஜைப் பாதியில் விட்டுவிட்டுப் பட்டறையில் சேர்ந்த அன்று, கணக்கு வாத்தியாரான அப்பா, "இனி இந்தப் படி ஏறாதே" என்றார். அவனும் ஏறவில்லை. ஏற வேண்டும் என்று தோன்றாத நாளும் இல்லை.

விருந்தாளி முன்னால் அப்பா குரலை உயர்த்த மாட்டார். அந்த வகையில் நெட்டையின் நச்சரிப்பு வசதியாகப் போயிற்று.

மணியை அடித்துவிட்டு, நெட்டையின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டான். முதுகு தாராளமாக இருந்தது.

கதவு திறந்தது. கொடியேற்றத்துக்குப் போய்வந்த வெள்ளைச் சட்டையை அப்பா இன்னும் கழற்றவில்லை. நெட்டையை அண்ணாந்து பார்த்தார். மகனைப் பார்க்கவில்லை.

"வாங்க தம்பி. உங்க கூட வந்தவரையும் உள்ள வரச் சொல்லுங்க."

நெட்டை திரும்பினான். "உள்ள வா."

தொலைக்காட்சியில் அணிவகுப்பு ஓடிக்கொண்டிருந்தது. "பாத்துக்கோ, இதான் எங்க பழக்கம். வருஷத்துக்கு ஒரு நாள் எல்லாரும் ஒண்ணா காலைத் தூக்குவாங்க" என்று வெல்டர் கிசுகிசுத்தான். நெட்டை சிரித்தான்.

அப்பா சட்டி நிறையச் சோறும் கோழிக்கறியும் கொண்டுவந்து வைத்தார். ஒற்றை ஆள், நாலு நாளைக்குச் சேர்த்துச் சமைத்துவிடுவார் போலிருக்கிறது என்று வெல்டர் நினைத்துக்கொண்டான்.

"தம்பி, கூட வந்தவர் சாப்பிடுவாரான்னு கேளுங்க."

"சாப்பிடுவியா?"

"சாப்பிடுவேன்னு சொல்லு."

"சாப்பிடுவான்" என்றான் நெட்டை, பொறுப்பாக.

அம்மா போனபிறகு அப்பாவும் மகனும் ஹோட்டல் பொட்டலத்தில்தான் காலம் தள்ளினார்கள். அப்பா அடுப்பு பற்றவைத்து அவன் பார்த்ததே இல்லை. ஒரு வாய் வைத்தான். மோசமில்லை.

"யார் சமைச்சதுன்னு கேளு."

"நான்தான் தம்பி" என்றார் அப்பா, நெட்டை கேட்பதற்கு முன்பே. "போன்ல பாத்துக் கத்துக்கிட்டேன். காரம் சரியா இருக்கா? இன்னைக்குக் குறைச்சுதான் போட்டிருக்கேன்."

வெளிநாட்டு நாக்குக்குப் பயந்து குறைத்திருக்கிறார். அந்த நாக்கோ பச்சை மிளகாயை நறுக்கென்று கடித்துவிட்டு, "சாப்பாடு நல்லா இருக்கு" என்றது. சொல்லிக்கொடுத்தபடியே.

சாப்பிட்டு முடித்தார்கள். அப்பா கத்தவில்லை. ஆனால் மகனிடம் நேராக ஒரு வார்த்தையும் வரவில்லை. தொலைக்காட்சியில் கடைசி வரிசையும் காலைத் தூக்கிவிட்டுப் போயிற்று.

வெல்டர் எழுந்து செருப்பை மாட்டினான். படியில் நின்று, திரும்பாமலே, "நான் இன்னொரு தரம் வரலாமான்னு கேளு" என்றான்.

நெட்டை கேட்கவில்லை. தோள்பையைத் திறந்து, கழுவித் துடைத்த டப்பாவை எடுத்து அப்பாவிடம் நீட்டினான்.

"நேத்து டப்பா, சார்."

வெல்டர் திரும்பிப் பார்த்தான். அப்பா டப்பாவை வாங்கி, கொக்கியில் பற்றவைத்திருந்த இடத்தைக் கட்டை விரலால் ஒரு தரம் தடவினார். பிறகு முதல் முறையாக மகனை நேராகப் பார்த்தார்.

"நாளைக்கும் ரெண்டு பேருக்குத்தானடா?"