இரண்டடி மேலே

கொத்தனார் கோடு செதுக்கிக்கொண்டிருந்த இடத்தைப் பார்த்ததும் கிளார்க்கம்மாவுக்குச் சுருக்கென்றது.

வெள்ளம் வடிந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. ஊராட்சி அலுவலகத்தின் கருங்கல் சுவரில், தண்ணீர் நின்ற கறை மார்பளவுக்கு இன்னும் பளிச்சென்று தெரிகிறது. அதைச் சுவரில் செதுக்கி வைக்கச் சொல்லித்தான் தலைவர் ஆள் அனுப்பியிருந்தார். கொத்தனாரோ முக்காலி போட்டு ஏறி, கறைக்கு இரண்டடி மேலே உளியை வைத்திருந்தார்.

அப்போதே கேட்டிருக்கலாம். உடம்பில் தெம்பில்லை. காலையில் வீட்டுச் சேறு, பகலெல்லாம் அலுவலகச் சேறு. நனைந்துபோன பதிவேடுகளைத் தாள் தாளாகப் பிரித்துக் காயப்போட்டதில் விரல் நுனியெல்லாம் வெளுத்து ஊறிக் கிடந்தது.

வீட்டுக்குப் போனால் அக்கா. கீழத்தெருவில் வீடு சரிந்த பிறகு அக்காவும் அத்தானும் இவள் வீட்டு முன்னறையில்தான் இருக்கிறார்கள். அக்கா அழவுமில்லை, திட்டவுமில்லை. வந்த அன்றைக்கு ஒன்றே ஒன்று சொன்னாள்.

"முழங்காலுக்கு மேலே வராதுன்னு நீதானே சொன்னே."

அதற்கப்புறம் தங்கையோடு பேச்சே இல்லை.

சொன்னது வாஸ்தவம்தான். நாற்பது வருஷத்துக்கு முன்னால் வந்த வெள்ளத்துக்கு இதே சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு கோடு உண்டு. கீழத்தெருவில் மனை வாங்க வந்தவர்களை எல்லாம் வாசலுக்கு அழைத்து வந்து, அந்தக் கோட்டைக் காட்டியது கிளார்க்கம்மாதான். இந்த ஊர் கண்ட பெரிய வெள்ளமே இவ்வளவுதான், தைரியமாக வாங்குங்கள் என்பாள். அக்காவுக்கும் அதையேதான் சொன்னாள். கோட்டுக்கு ஒரு சாண் மேலே தரையை உயர்த்தி அறுபது வீடு எழும்பியது. அதில் பாதிக்குமேல் இந்தக் கொத்தனார் கை வைத்தது.

மத்தியானம் தபால்காரர் வந்தவர், கோட்டை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். கோடு ஏற ஏற யாருக்கு யோகம் என்று கேட்டார். இனி எல்லாரும் தரையை ஆள் உயரத்துக்குத் தூக்கிக் கட்டுவார்கள். கல்லும் சாந்துமாகக் கொத்தனார் வீட்டு வாசலில் வரிசை நிற்கும் என்றார்.

அது அவள் மனசில் முள்ளாகக் குத்தியது. ஊரே விழுந்து கிடக்கும்போது இப்படியும் ஒரு பிழைப்பா?

எழுந்து வெளியே வந்தாள்.

"கொத்தனாரே, கறை எங்கே இருக்கு, நீங்க எங்கே செதுக்கறீங்க?"

"கறை தெரியுதும்மா."

"தெரிஞ்சுமா ரெண்டடி தூக்கிப் போடறீங்க? ஜனங்களைப் பயங்காட்டி வேலை பிடிக்கவா? தலைவர்கிட்டே சொல்லத்தான் போறேன்."

கொத்தனார் கோபப்படவில்லை. முக்காலியை விட்டு மெல்ல இறங்கினார். அவருடைய வீடும் கீழத்தெருவில்தான் இருந்தது. பன்னிரண்டு நாளில் ஆளே பாதியாகியிருந்தார். குனிந்து, கீழே இருந்த பழைய கோட்டின்மேல் கை வைத்தார்.

"இதைச் செதுக்கினது எங்கப்பா. தெரியுமா உங்களுக்கு?"

அவளுக்குத் தெரியாது.

அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனார். கீழத்தெரு அப்போது வெறும் வயல். அதை மனையாகப் போட்டு விற்க நினைத்தவர்கள், வெள்ளம் வடிந்ததும் அப்பாவைத் தேடி வந்தார்கள். உள்ள உயரத்தைச் செதுக்கினால் ஒரு மனைகூடப் போகாது, முழங்காலோடு நிறுத்திவிடு என்றார்கள். அதற்குக் கூலியாக ஒரு மனையை அப்பா பேரில் எழுதியும் கொடுத்தார்கள். தண்ணீர் நின்ற உயரத்தை நேரில் பார்த்த பெரியவர்கள் சிலர் கொஞ்ச நாள் சொல்லிப் பார்த்தார்கள். கல்லில் இருக்கிறதை நம்புவதா, கிழவர்கள் பேச்சை நம்புவதா என்று ஊர் கேட்டது. அவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள்.

"எனக்கு அப்போ எட்டு வயசு. எல்லாம் தெரியும். அப்பா பேரு கெட்டுடுமேன்னு வாயை மூடிக்கிட்டேன். மூடிக்கிட்டே பாதித் தெருவைக் கட்டினேன்."

கிளார்க்கம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். எத்தனை பேருக்கு அந்தக் கோட்டைக் காட்டியிருப்பாள்? ஒரு பொய்யைக் கை நீட்டிக் காட்டிக்கொண்டு எத்தனை வருஷம் நின்றிருக்கிறாள்? அக்காவின் முகம் கண் முன்னால் வந்தது. ஆனாலும், ஒரு தப்புக்கு இன்னொரு தப்பா என்று மனசு ஒப்பவில்லை.

"அப்பா குறைச்சுப் போட்டார்ங்கறதுக்காக, நீங்க இப்போ கூட்டிப் போடறதா? அதுவும் பொய்தானே கொத்தனாரே?" அவள் குரலில் சூடு இறங்கியிருந்தது.

கொத்தனார் மறுபடி முக்காலியில் ஏறினார். செதுக்கிய இடத்தில் இருந்த கல்தூளை வாயால் ஊதித் தள்ளினார்.

"இந்த வெள்ளத்துக்கு நாளைக்கு அந்தக் கறையிலேயே கோடு போட்டுடறேம்மா. இது, நாற்பது வருஷத்துக்கு முன்னாடி எங்கப்பா போடாம விட்ட கோடு."