ஒன்பதாவது புலி

டெல்லியின் ஜூன் வெயில் நனைந்த வெட்டிவேர்த் தட்டி வழியே மணத்தோடு உள்ளே கசிகிறது. நாடு முழுவதும் எண்ணிய புலிகளின் கணக்கைச் சரிபார்க்கும் சிவஞானம், காலடித் தடம் வரைந்த இரண்டு மெல்லிய தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக வெளிச்சத்தில் பிடிக்கிறார். ஒரு புலிக்கு ஒரு தாள். ஆனால் விரலோடு விரல், குதிகாலோடு குதிகால் பொருந்துகிறது. இரண்டு புலிகளும் கரைந்து ஒரே புலி நடக்கிறது. இரண்டு தாளிலும், அந்தத் தடங்களை எடுத்த காட்டில் ரேஞ்சராக இருக்கும் சொந்தத் தம்பியின் கையெழுத்து. "அந்தக் காட்டுக்கு ஒம்பதுன்னு அடிச்சுடட்டுமா சார்?" என்கிறாள் டைப்பிஸ்ட் அனந்தலக்ஷ்மி. "எட்டு." "உங்க தம்பிக்கு மெமோ போகுமே சார்." அவர் முதுகு இன்னும் நிமிர்கிறது. "போகட்டும்மா. எங்க அப்பா இனிஷியல் இருக்குற கையெழுத்து அது. அதுக்கு மேல இல்லாத புலி நிக்கக்கூடாது." டைப்ரைட்டர் ஒருமுறை தட்டி ஓய்கிறது. ஒன்பதாவது புலி தாளிலிருந்து இறங்கி, சத்தமில்லாமல் வெயிலுக்குள் போகிறது.