வேதப்புத்தகத்தில் வைத்த சீட்டு

"தம்பி போகட்டுங்க, நீங்க போக வேணாம்—"

"சும்மா இரு, ஞானப்பூ! ஜெபம் பண்ணித்தானே எடுத்தேன்? 'போ'ன்னு வந்திருக்கு."

சயாம் காட்டில் ரயில் தண்டவாளம் போட வீட்டுக்கு ஓராள் கேட்டான் ஜப்பான்காரன்; போனவர்கள் திரும்பவில்லை. தான் போவதா, தம்பி பொன்னுதுரையை அனுப்புவதா? தேவதாஸ் தன் மனைவியிடம் 'போ', 'போகாதே' என்று இரண்டு சீட்டு எழுதச் சொல்லி, வேதப்புத்தகத்துக்குள் வைத்துக் கர்த்தரிடம் ஞானம் கேட்டிருந்தான்.

"அந்தச் சீட்டைக் காட்டுங்க!"

"அடுப்புல போட்டுட்டேன். கர்த்தர் பேச்சுக்குச் சாட்சி கேப்பியா?"



காஜா பேராங் தெருமுனையில் ஜப்பான்காரனின் லோரி தேவதாஸை ஏற்றிக்கொண்டு போயிற்று.

வேதப்புத்தகத்தில் இருந்த மிச்சச் சீட்டை ஞானப்பூ பிரித்தாள். 'போகாதே.' அவன் எரித்ததிலும் அதையேதான் எழுதியிருந்தாள்.

பொன்னுதுரை வாசலில் வந்து நின்றான்.

"அண்ணி, நெசமாவே கர்த்தர்தான் அண்ணனைப் போகச் சொன்னாரா?"